பழைய சாகாவில் தொங்கும் சன் வைசர்: பினாங்கு வெயிலில் எது தாங்கியது?

எங்கள் வீட்டில் எண்பதுகளின் மலேசியக் காரான புரோட்டான் சாகா ஒன்று இன்னும் தினமும் ஓடுகிறது. வாரக் கடைசியில் துடைத்து வெளியே எடுத்துக் காட்டுகிற கார் இல்லை, வேலைக்குப் போகிற கார். காலையில் பினாங்குத் தீவின் குளுகோர் பக்கம் பாலம் ஏறி, எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊருக்குப் போவேன், சாயங்காலம் அதே பாலத்தில் திரும்புவேன். போகும்போது முகம் கிழக்கே, வரும்போது மேற்கே. 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து இங்கே விடிவதே ஏழு மணி வாக்கில்தான் என்பதால், பாதிப் பினாங்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சூரியன் கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்கும். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் ஒரு மரநிழல் கிடையாது. அங்கே வைசர், அதாவது முன் கண்ணாடிக்கு மேலே வெயிலை மறைக்க மடக்கி இறக்கும் தட்டு, தானாகக் கீழே இறங்கி நெற்றிக்கு முன்னால் ஆடினால் முன்னே போகிற லாரியின் பிரேக் விளக்கு தெரியாது. அதனால் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

(1985-இல் பாலம் திறந்தபோது அன்றைய பிரதமர் மகாதீர் சாகாவில்தான் அதைக் கடந்தார். சாகா விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டு. பாலத்துக்கும் இந்தக் காருக்கும் ஒரே வயது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.)

வைசர் தொங்குகிறது என்றதும் எல்லோரும் ஸ்குரூவைத்தான் முதலில் முறுக்குகிறார்கள். ஆனால் தளரக்கூடிய இடங்கள் மூன்று. கூரையில் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ ஒன்று. அந்த பிராக்கெட்டுக்குள் வைசரைத் தாங்கும் கம்பி சுழலும் இடம் இன்னொன்று. மூன்றாவது, வைசருக்கு உள்ளே கம்பியைக் கவ்வியிருக்கும் ஸ்பிரிங் தகடு. எது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ஒரு கையால் கம்பியின் வளைவை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வைசரை மேலும் கீழும் ஆட்டுங்கள். கம்பி அசையாமல் வைசர் மட்டும் வழுக்கினால் கோளாறு உள்ளே இருக்கிறது. பிராக்கெட்டே கூரைத்துணியோடு சேர்ந்து ஆடினால் ஸ்குரூ. பழைய கார்களில் நான் பார்த்தவரை உள்ளே இருக்கிற தகடுதான் பெரும்பாலும் காரணம். வருஷக்கணக்காக வெயிலில் நின்று நின்று அதன் வாய் கொஞ்சம் விரிந்துவிடும், கம்பி மேல் இருந்த பிடி போய்விடும்.

பிரிக்காமல் செய்கிற வைத்தியங்களைத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். கம்பியை வைசரிலிருந்து உருவி, வயருக்குப் போடுவார்களே, சூட்டில் சுருங்கும் கறுப்பு டியூப், அதை ஒரு சுற்று ஏற்றித் திரும்பச் செருகினால் உடனே நல்ல இறுக்கம் கிடைக்கிறது. செலவும் ஒன்றுமில்லை. எப்போதாவது ஓட்டுகிற காருக்கு இதுவே போதும், தாராளமாகச் செய்யலாம். தினமும் ஏற்றி இறக்கும்போது தகட்டின் விளிம்பு டியூபை அறுத்துக்கொண்டே வருகிறது, சில மாதத்தில் ஒரு பக்கம் கிழிந்து மறுபடியும் தளர்வு. குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் இன்னும் மோசம், அது இயல்பிலேயே வழுக்கும் பொருள், இங்கே நமக்கு வேண்டியதோ உராய்வு. இரட்டைப் பக்க ஒட்டு டேப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மூடிய கார் மதியத்தில் அறுபது டிகிரியைத் தாண்டும், பசை இளகி ரெக்சினில் கறையாக இறங்கும். சூப்பர் குளூ, எப்பாக்ஸி போடச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். வைசர் ஒரே நிலையில் கல்லாகிவிடும், அதன்பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

கடைசியில் நிலைத்தது தகட்டையே இறுக்கியதுதான். வைசரைக் கழற்றி மேசையில் போட்டு, கம்பி நுழையும் மூலையில் விளிம்பு ஒட்டுக்கோட்டை இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் பிளேடால் திறந்தேன். ரெக்சினை வெட்டக்கூடாது, ஒட்டுக்கோடு வழியாகவே போக வேண்டும். உள்ளே பழைய ஸ்பாஞ்ச் தொட்டாலே மஞ்சள் தூளாக உதிர்கிறது, அதை ஒதுக்கினால் துணிக் கிளிப் மாதிரி கம்பியைக் கவ்வும் தகடு தெரியும். கம்பி உள்ளே இருக்கும்போதே ஊசிமூக்கு பிளையரால் அந்த வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் தகடு உடையும். கம்பியில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்த்திருப்பார்கள், வைசர் மேலே போனதும் தகடு அதில் உட்கார்ந்து ‘டக்’ என்று நிற்கும். அந்த ‘டக்’ திரும்பி வந்தால் போதும், அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

திறந்த இடத்தை மூட செருப்புப் பசை வாங்கி வைத்திருந்தேன். ஆயர் ஈத்தாமில் காருக்கு குஷன் தைக்கும் அண்ணனிடம் காட்டியபோது, “ஒட்டாத தம்பி, சூட்டுல வாய் திறந்துக்கும், வளைஞ்ச ஊசியில தைச்சிடுறேன்” என்று அங்கேயே தைத்துக் கொடுத்தார். பழைய கோட்டின் மேலேயே நூல் போயிருப்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. பெரும்பாலும் திறந்த வெளியில்தான் கார் நிற்கிறது. வைசர் வைத்த இடத்தில் நிற்கிறது, பாலத்தின் மேடு பள்ளத்தில்கூட இறங்கவில்லை.

ஸ்குரூதான் கோளாறு என்றால் ஒரு எச்சரிக்கை. ஓட்டை தேய்ந்திருந்தால் ஒரு அளவு தடித்த ஸ்குரூ போடலாம், ஆனால் நீளம் பழையதைவிட ஒரு நூல்கூட அதிகமாக இருக்கக்கூடாது. அந்த இடத்தில் மேல் தகடு பக்கத்திலேயே இருக்கும் கார்களில் நீள ஸ்குரூ கூரையைக் குத்திப் புடைக்க வைத்துவிடும். பழைய ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அப்புறம், துருவெடுக்கும் ஸ்பிரே எண்ணெயை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், மிச்சமிருக்கிற பிடியையும் அது கெடுத்துவிடும்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் புது வைசரை என் போமனே (கார் பழுதுபார்ப்பவர்) காட்டினார். கம்பியின் வளைவு சாகாவுக்குச் சேரவில்லை, நிறமும் கூரையோடு ஒட்டவில்லை. பழைய கார் உடைக்கும் கடையில் கிடைக்கிற வைசருக்கும் நம்முடையதற்கும் ஒரே வயதுதான், அதன் தகடும் விரிந்துதான் இருக்கும். ரெக்சின் கிழியாமல், உள்ளே அட்டை ஈரத்தில் ஊறி வளையாமல் இருக்கும்வரை காரோடு வந்ததையே சரிசெய்யுங்கள். அட்டை வளைந்துபோயிருந்தால் மட்டும் தகட்டை நெருக்கிப் பயனில்லை, குஷன் கடையிலேயே கொடுத்துப் புது அட்டை வெட்டிப் பழைய கம்பியோடு சேர்த்துத் தைக்கச் சொல்லலாம்.