டிஎன்ஒய் 268: ஒரு காலு இல்லாத ஐசிக்கு ஒரு ரிவ்யூ

ஹோட்டலுக்கும் அல்வா கடைக்கும் எல்லாரும் ரிவ்யூ எழுதுதாங்க, நான் டிஎன்ஒய் 268ங்கிற ஐசிக்கு எழுதுதேன், வீட்டு கரண்ட சாமானுக்கு ஏத்த சின்ன வோல்ட்டேஜா மாத்துற வேலைய நடத்துற சில்லு இது, சிரிக்காதீங்க. திருநெல்வேலி மேலப்பாளையத்துல செட்டாப் பாக்ஸ், யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ்னு சொல்லுற பவர் சப்ளை சர்வீஸ் பாக்கேன், ஒரு நாளைக்கு நாலு வாட்டியாவது இந்த சாமான் கையில படும்.

ரெண்டு பக்கமும் நாலு நாலு காலு இருக்கணும்லா, இதுல ஒரு பக்கம் மூணுதான், ஆறாம் நம்பர் காலே கிடையாது. புதுசா வேலைக்கு வந்த பய "அண்ணாச்சி, ஒரு காலு ஒடிஞ்சு போச்சு"ன்னு பதறுவான். ஒடியலடே, அஞ்சாம் காலுக்கு பேரு ட்ரெயின், ரயில் இல்ல, சில்லுக்குள்ள இருக்க ஸ்விட்சோட ஒரு முனை, அதுல வாரது ஹை வோல்டேஜ், பக்கத்துலயே இன்னொரு காலு இருந்தா தூசியும் ஈரமும் சேந்து பொறி தாவிரும், அதுக்காக கம்பெனிக்காரனே அந்த எடத்த காலியா விட்டுட்டான்.

செஞ்சது பவர் இன்டகிரேஷன்ஸ், அமெரிக்கால சான் ஜோஸ்ல இருக்கு, 1988ல ஆரம்பிச்ச கம்பெனி. 1994ல டாப்ஸ்விட்ச், 1998ல டைனிஸ்விட்ச், நம்ம 268 அதுல ரெண்டாவது தலைமுறை. முன்னாடி கரண்ட வெட்டி வெட்டி விடுற ஸ்விட்சான மாஸ்பெட் தனியா, அத ஆட்டி வைக்கிற கண்ட்ரோல் ஐசி தனியா, சுத்தி ரெசிஸ்டரு டயோடுன்னு போர்டுல ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கும், இவன் மாஸ்பெட்டையும் கண்ட்ரோலையும் ஒரே சில்லுக்குள்ள வச்சிட்டான்.

தாங்குமான்னு கேட்டீங்கன்னா போன ஐப்பசி கதைய சொல்லுதேன். ராத்திரி மழையில தென்னமட்டை விழுந்து எங்க பக்கத்து தெருவுல நியூட்ரல், அதான் கரண்டு திரும்பி போற கம்பி, கட்டாயிட்டு. 230 வோல்ட் டயோட தாண்டுனா 325 டிசி, நியூட்ரல் போச்சுன்னா 400 வோல்ட் வரைக்கும் ஏறும், அப்ப டிசியில 560ஐ தாண்டும், அதுக்கு மேல போர்டுல இருக்க குட்டி ட்ரான்ஸ்பார்மர் உதைக்கிற உதை வேற, ஐசி தாங்குறதோ 700. காலைல கடை திறக்கதுக்கு முன்னாடியே பதினோரு பாக்ஸ் வாசல்ல. டிஎன்ஒய் இருந்தது ஆறு, அதுல அஞ்சுல 400 வோல்ட் கப்பாசிட்டர் டொப்புன்னு வெடிச்சு ப்யூஸ் போயிருந்துச்சே ஒழிய ஐசிக்கு ஒண்ணும் இல்ல. பேரே போடாத ஐசி இருந்த மிச்சம் அஞ்சும் காலி, சவம் வயித்துல ஓட்டை, உள்ள கரி.

ஆனா விலைன்னு ஒண்ணு இருக்குல்லா. ஒரிஜினல் எனக்கு 60 ரூவாய்க்கு வருது, அதே வேலைய செய்யுற வேற சில்லு 18 ரூவா. ஒரு ஆச்சி நேராவே கேட்டுட்டாவ, "ஏ அய்யா, சீரியல் ஓடுனா போதும், அதுக்கு எதுக்கு கூட நாப்பது ரூவா". என்ன பதில் சொல்ல? பவர் இன்டகிரேஷன்ஸ் கம்பெனிக்கும் இதே தொல்லைதான், என்ன, ஆச்சிக்கு பதிலா சார்ஜர் பேக்டரிக்காரன் பேரம் பேசுவான், ஒரு பீசுல ரெண்டு ரூவா மிச்சம்னா லட்சம் பீசுக்கு கணக்கு போட்டு பாருங்க.

பேட்டன்ட் கேஸ்னு 2004ல பேர்சைல்டுங்கிற போட்டி சில்லு கம்பெனி மேல போட்டு, 2016ல ஆன் செமிகண்டக்டர் பேர்சைல்ட வாங்குன பொறவும் இழுத்து, 2019ல 17.5 கோடி டாலர் வாங்கித்தான் ராசியானாங்க. ஆனா பேட்டன்ட் ஆயுசே 20 வருசம்தான், பழைய சரக்கு மாதிரி இன்னைக்கு யாரு செஞ்சாலும் எத்தன நாளு தடுக்க முடியும்? சீனாவுல வூசியில சிப்போன்னு ஒரு கம்பெனி, எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் காரனோட வைப்பர்னு இதே வேலை செய்யுற ஐசி இருந்த எடத்துல அப்படியே உக்காருற மாதிரி சில்லு செய்யுதான். பெரிய சார்ஜர் பக்கம் போனா காலியம் நைட்ரைடு சண்டை, சிலிக்கானுக்கு பதிலா சில்லு செய்யுற சரக்கு அது, சுருக்கமா கேன். 2020ல ஷாவ்மி 65 வாட் சார்ஜருக்குள்ள போனது நாவிடாஸ் சில்லு, இன்பினியன் 83 கோடி டாலர் கொடுத்து கேன் சிஸ்டம்ஸையே வாங்கிட்டான், இன்னோசயன்ஸ் ஹாங்காங் பங்குச்சந்தையில ஏறிட்டான். பவர் இன்டகிரேஷன்ஸும் சும்மா இல்ல, 900 வோல்ட், 1250, 1700 தாங்குற சில்லுன்னு மத்தவன் சட்டுனு வர முடியாத உயரத்துக்கு ஏறுதான். எனக்கென்னமோ அதான் சரியான வழின்னு படுது, 18 ரூவாக்காரன்கிட்ட விலையில மோதி ஜெயிக்க முடியாதுல்லா, ஆனா நியூட்ரல் கட்டாகுற ஊரு இருக்க வரைக்கும் வோல்ட்டேஜ் தாங்குறவனுக்கு வேலை இருக்கும்.

என் வயித்தெரிச்சல் வேற. 2014ல இன்னோஸ்விட்ச்னு விட்டான்லா, அதுல ஹை வோல்டேஜ் பக்கத்துக்கும் லோ வோல்டேஜ் பக்கத்துக்கும் நடுவுல வெளிச்சத்துல சேதி கடத்துற ஆப்டோவே கிடையாது, ரெண்டு பக்கத்து கண்ட்ரோலும் ஒரே பொட்டிக்குள்ள. பேப்பர் மாதிரி தட்டையா போர்டோட ஒட்டிக்கெடக்கும், நம்ம 25 வாட் சால்டரிங் அயர்ன்ல கிளப்பவா முடியும்? சார்ஜர் போச்சுன்னா குப்பைதான். அந்த கோவத்துல அஞ்சுல அரை ஸ்டார் கட், அதனால 268க்கு நாலரை.

வாங்குறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க. நான் ஆன்லைன்ல ஒருத்தன்கிட்ட 22 ரூவா வீதம் ஐம்பது வாங்கி ஏமாந்தேன், டிஎன்ஒய்னு பளிச்சுனு எழுதியிருந்துச்சு, தின்னர் தொட்ட பஞ்ச வச்சு தேய்ச்சா எழுத்து பஞ்சோட வந்துட்டு. ஆறாம் காலையும் எவனோ கட்டர வச்சு நறுக்கியிருக்கான், வெட்டுன எடத்துல செம்பு மினுங்குது. ஒரிஜினல்ல எழுத்து தேய்ச்சா போகாது. ஜங்ஷன் பக்கம் ஸ்பேர்ஸ் வாங்கப் போனா பஞ்சும் தின்னரும் பையில வச்சிக்கோங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும்.