கொல்லைக் கோழியை மேய விடுவது: திறந்த வெளியா, வலையா, காவலா?

குஞ்சு பொரித்த பெட்டை கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டே இருக்கும். சட்டென்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். தொண்டைக்குள்ளேயே ‘க்ர்ர்ர்’ என்று ஒரு இழுப்பு. அவ்வளவுதான், பதினோரு குஞ்சும் கறிவேப்பிலைச் செடிக்கடியில் போய் ஒட்டிக்கொள்ளும். நாயோ கீரியோ வந்தால் இந்தச் சத்தம் வராது. ‘கொக்கொக்கொக்’ என்று தெருவையே கூட்டிவிடும்.

மேலிருந்து வருவது வேறு, தரையில் வருவது வேறு என்று கோழிக்குத் தெரிகிறது. நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே வலை போதும் என்று நினைத்துவிடுகிறோம். வலை, கூண்டு, நாய் என்று செலவு செய்வதற்கு முன்னால், நம் கொல்லையில் எடுப்பது யார் என்று பார்த்துவிட வேண்டும்.

இறகு சிதறி, நாலைந்து கோழி ஆங்காங்கே கிடந்தால் பெரும்பாலும் தெருநாய். கழுத்திலோ தலையிலோ கடி, உடல் அப்படியே கிடக்கிறது என்றால் கீரி மீது சந்தேகம் வைக்கலாம். ஒரு இறகுகூட இல்லாமல் குஞ்சு மட்டும் காணாமல் போனால் பருந்து, வல்லூறு, காகம், பாம்பு இவற்றில் ஏதோ ஒன்று. ராத்திரி போனால் மரநாய், காட்டுப்பூனை. கீரி பகலில் வருவது, மரநாய் இரவில் வருவது. இந்த நேரக்கணக்கு தெரிந்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

முழுக்கத் திறந்துவிடுவது

நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது இதுதான். விடிந்ததும் திறந்துவிட்டால் பொழுது சாயத் தானே வந்து அடையும். கரையான், புழு, கீரை, சிந்திய நெல் என்று பாதி வயிற்றை அதுவே நிரப்பிக்கொள்வதால் தீனிச் செலவு குறையும். சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடைக்கு இது ரொம்பப் பொருந்தும். உடம்பு லேசு, அவசரத்துக்குக் கூரை மேலேயோ முருங்கை மேலேயோ ஏறிவிடும். பெரிய உடம்புள்ள பெருவிடைக்கு அந்தச் சுறுசுறுப்பு கிடையாது.

ஆனால் எந்தக் கொல்லையில் திறந்துவிடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிற வெறும் தரை பருந்துக்கு விரித்த பாய் மாதிரி. பத்தடிக்கு ஒரு செடி, ஒரு கோவைக்கொடிப் பந்தல், சாய்த்து வைத்த பழைய தட்டி இருந்தால் குஞ்சுக்கு ஓடி ஒளிய இடம் கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு இல்லை. நான் பார்த்தவரை பருந்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பழைய சிடியைக் கட்டித் தொங்கவிடுவதும், குஞ்சுக்குச் சாயம் பூசுவதும் எங்கள் பக்கம் உண்டு. சிடி கொஞ்ச நாள் மினுங்கும், அப்புறம் பருந்துக்கும் பழகிவிடும்.

இதில் பெரிய ஓட்டை தெருநாய்தான். சுற்றுச்சுவரோ நெருக்கமான வேலியோ இல்லாத வீட்டில் முழுக்கத் திறந்துவிடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வலை அடைப்பு

நான்கு பக்கமும் கம்பி வலை, மேலே நைலான் வலை. பருந்து, காகம், நாய் மூன்றும் நிற்கும். பழைய மீன்வலையை மேலே விரிப்பவர்களும் உண்டு, தாராளமாகப் போதும். தவறு நடப்பதெல்லாம் கீழே. அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை மெல்லிசு. கோழி வெளியே போகாமல் நிறுத்தும், நாய் உள்ளே வராமல் நிறுத்தாது. தரையிலிருந்து இரண்டடிக்காவது அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை வேண்டும். அதையும் தரையோடு நிறுத்தினால் கீரி பறித்துக்கொண்டு வந்துவிடும். வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்ணுக்குள் புதைக்க வேண்டும். இந்த ஓரடி மெஷ்ஷை மிச்சம் பிடித்தவர்கள்தான் ஒரே நாளில் எட்டுப் பத்துக் குஞ்சை இழக்கிறார்கள்.

நைலான் வலையைத் தரைவரை தொங்கவிடவும் கூடாது. ஒருமுறை எங்கள் வலையில் ஒரு சாரை உடம்பு பாதி நுழைந்து சிக்கிக் கிடந்தது. இழுக்க இழுக்கச் செதிலுக்கடியில் நூல் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. எலி பிடிக்கிற பிராணி, பாவம். அன்றைக்கே கீழ்வலையை அவிழ்த்துவிட்டு மெஷ் அடித்தேன்.

அடைப்பில் வேறொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடியாவது இல்லையென்றால் ஒன்றையொன்று கொத்தும். ஈரமான தரையில் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். பச்சையும் புழுவும் நாம்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். உயிருக்குப் பாதுகாப்பு, ஆனால் மேய்ச்சல் என்று இதைச் சொல்ல முடியாது.

நகர்த்துகிற கூண்டு

மூங்கிலிலோ பிவிசி குழாயிலோ அடித்த, அடிப்பாகம் இல்லாத கூண்டு. ஆறுக்கு நாலடி இருந்தால் இரண்டு கோழி நிற்கும். தினம் இடம் மாற்றினால் புதுப் புல், புதுப் புழு, தரைக்கும் எரு. சமதரையான தோட்டம் இருப்பவர்களுக்கு நல்லது. வரப்பும் பள்ளமுமான இடத்தில் ஓரத்தில் விழுகிற சந்து ஒன்றே கீரிக்குப் போதும். பகலுக்கு மட்டும்தான் இது.

நாயும் கின்னிக்கோழியும்

குட்டியிலிருந்தே கோழியோடு வளர்ந்த நாட்டுநாய் இருந்தால் அதற்கு ஈடில்லை. தெருநாய், கீரி, மரநாய் எல்லாம் தள்ளியே நிற்கும். ஆனால் வளர்ந்த நாயைக் கொண்டுவந்து கோழிக்குக் காவல் வைக்காதீர்கள். சிப்பிப்பாறை போன்ற வேட்டைநாய்க்கு ஓடுகிறதைத் துரத்துவது ரத்தத்தில் இருக்கிறது. கின்னிக்கோழி காவலாகாது, எச்சரிக்கைதான். புதிதாக எதைப் பார்த்தாலும் கத்தும். கேட்டு ஓடிவர வீட்டில் ஆள் இருந்தால்தான் பயன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

விஷம் வைப்பதையும் கண்ணி வைப்பதையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. கீரி, உடும்பு, பருந்து எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, கொன்றால் குற்றம். விஷம் வைத்த கறியை முதலில் தின்பது பெரும்பாலும் நம் வீட்டு நாயாகவே இருக்கும்.

என் வீட்டில்

நான் எதையும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதையும் நேரத்தையும் வைத்துப் பிரித்துக்கொண்டேன். பொரித்த நாளிலிருந்து எட்டு வாரம் வரை தாயும் குஞ்சும் வலை அடைப்பில். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஒரு மணி நேரம் வெளியே. பெரிய கோழிகளைக் காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறேன். அதற்குள் பெரும்பாலானவை முட்டை வைத்துவிடுகின்றன, வேலியோரம் தேடி அலையும் வேலையும் மிச்சம். அடைகிற நேரத்தில் எண்ணிப் பார்த்து, ஆறரைக்குள் தாழ்ப்பாள். ராத்திரிக் கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கிறது.

ஊர்ப்பருந்து கூடு கட்டிக் குஞ்சுக்கு இரை தேடுகிற தை, மாசியில் மட்டும் அடைப்பில் வைக்கும் காலத்தைப் பத்து வாரமாக்கிவிடுகிறேன். நாலே கோழி, எப்போதும் வீட்டில் ஆள் என்றால் இவ்வளவு வேண்டாம். கோழியை மூடி வைக்கிற ஒரு பஞ்சாரக் கூடையும், கொல்லை நிறையச் செடியும், சாயங்காலம் மறக்காமல் போடுகிற தாழ்ப்பாளும் போதும்.