புது செலிரானா, பழைய திங்க்பேடா?

கையில் இருபதாயிரம் ரூபாய்தான் என்றால் பெரும்பாலும் இரண்டு வழிகள்: இன்டெலின் மலிவு ரகச் செலிரான் சிப் போட்ட புது லேப்டாப், அல்லது ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட திங்க்பேட் டி480 (லெனோவோவின் அலுவலக லேப்டாப்).

புதியதில் வாரண்டி உண்டு, எடை குறைவு, பேட்டரியும் புதுசு. ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (ஃபைல்களைச் சேமிக்கும் மலிவான சிப்) என்றிருந்தால் யோசியுங்கள். இரண்டும் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்தவை. பின்னால் மாற்ற முடியாது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே பாதி இடத்தைத் தின்றுவிடும்.

டி480 வெளிவந்தது 2018-இல். பார்க்கக் கொஞ்சம் தடிமன்தான். ஆனால் அடிமூடியைக் கழற்றினால் இரண்டு ரேம் ஸ்லாட், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்). பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறைச் சிப் என்பதால் விண்டோஸ் 11 முறையாக ஏறும். இதற்கு முந்தைய டி470-ஐ மலிவாகத் தருகிறேன் என்பார்கள். அதில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபரில் பொதுவாக முடிந்துவிட்டது.

என் ஓட்டு பழையதற்கே. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) பாஸ்வேர்ட் பூட்டு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, முழு சார்ஜ் அளவு ஆரம்பக் கொள்ளளவில் பாதிக்கும் கீழே இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸைப் புதிதாகவே நிறுவுங்கள், கடைக்காரர் போட்டுத் தந்ததை நம்ப வேண்டாம். அப்புறம் மொழி அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். தனி மென்பொருள் தேவையில்லை.