மரம் தறிக்கப் பெர்மிட் எடுத்துத் தருவதாக வருபவர்களிடம் கவனம்

கிளிநொச்சிப் பக்கம் வளவில் மரம் தறிக்க எண்ணியிருப்பவர்கள், மரவியாபாரியுடன் விலை பேசுவதற்கு முன் இதை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த சோளகத்தில் எங்கள் குசினிக் கூரைமேல் பலாக்கொப்பு ஒன்று முறிந்து விழுந்ததால், அந்தப் பலாவையும், மின்கம்பியை அண்டி நின்ற இரண்டு பனைகளையும் அகற்ற வேண்டியிருந்தது. மரம் வாங்க வந்தவர், "பெர்மிட் எல்லாம் என்ர பொறுப்பு அண்ணை, நீங்கள் ஒரு இடமும் அலைய வேண்டாம்" என்று உறுதியளித்து, அதற்கெனத் தனியாகக் காசும் வாங்கினார். பின்னர் முத்திரை குத்திய கடதாசியொன்றைக் கையில் தராமல் தூர நின்று காட்டிவிட்டுத் தறிக்கத் தொடங்கினார்.

ஏ9 வீதியில் மரத்துடன் உழவு இயந்திரம் மறிக்கப்பட்டபோதுதான் அந்தக் கடதாசியின் உண்மை வெளிவந்தது. அது வேறொருவருடைய காணிக்குக் கிராம அலுவலர் கொடுத்திருந்த சிபாரிசுக் கடிதத்தின் பிரதி. பெயரை வெள்ளை மையால் அழித்து, அதன்மேல் என் பெயரை எழுதியிருந்தார்கள். பனைகள் இரண்டும் ஆண்பனை என்று குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் விசாரணைக்கு வளவுக்கு வந்த உத்தியோகத்தர், வெட்டி எறிந்திருந்த பனை வட்டுக்குள், பெண்பனையில் மட்டுமே காய்க்கும் பனங்காய்க் குலை அப்படியே இருந்ததைக் கண்டுவிட்டார். அனுமதி எடுப்பது காணிக்காரரின் வேலை என்று வியாபாரி என் முகத்துக்கு நேரே சொன்னார்.

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. போரில் வட்டிழந்து மொட்டையாய் நின்ற பனைகளைப் பார்த்த நமக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டியதே என்பது என் எண்ணம். விண்ணப்பம் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். கிராம அலுவலரின் சிபாரிசு மட்டும் அனுமதியாகாது. குடியேற்றத் திட்டங்களில் பலருடைய காணி இன்னும் பெர்மிட் காணியாகவே, அதாவது அரச காணியாகவே இருப்பதால், அங்கே வேறு மரங்களைத் தறிப்பதற்கும் முதலில் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதிரை, பாலை போன்ற மரங்களை ஏற்றிச் செல்வதற்கு வனவளத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதி வேறாக வேண்டும்.

அனுமதிப் பத்திரத்தின் மூலப்பிரதியைக் கையில் வாங்கி, காணியின் பெயர், மர இனம், எண்ணிக்கை, பிரதேச செயலகத்தின் ஒப்பம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே வாளை வளவுக்குள் விடுங்கள். அனுமதிக்கென்று காசு கேட்டால் அரச பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அதே ஆள் இப்போது கண்டாவளைப் பக்கம் வீடு வீடாக மரம் கேட்டுத் திரிவதாக அறிகிறேன்.