காலண்டர் தாளில் ஒரு வரி வரலாறு: சில ஆண்டுகள் செய்து பார்த்த அனுபவம்

சிங்கப்பூர்த் தேக்காவில் உள்ள மளிகைக் கடையில் வருடா வருடம் தரும் தேதி கிழிக்கும் காலண்டர் எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும். முந்தின இரவே அங்கே “இதே நாளில்” என்று ஒரு வரி எழுதிவைத்துவிடுவேன். காலையில் மைலோ குடிக்கும்போது பிள்ளைகளில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். மகன் தொடக்கநிலை 5, மகள் தொடக்கநிலை 2. செலவு ஒரு பேனாதான்.

காலண்டருக்கு முன்னால் கைபேசிச் செயலி ஒன்று வைத்திருந்தோம். தினமும் கூடை கூடையாகக் கொட்டும். பாதி அமெரிக்கா, மீதி ஐரோப்பா. யாரோ ஒரு ராஜா முடிசூடினார், யாரையோ சுட்டார்கள். மகன் தலையாட்டிவிட்டு ரொட்டியைக் கடிப்பான். மதியம் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது.

நாங்கள் இருப்பது அங் மோ கியோவில். நவம்பர் 7 அன்று, “1987: சிங்கப்பூரில் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை, ஐந்தே நிலையங்கள்” என்று எழுதியிருந்தேன். மகன் விரல்விட்டு எண்ணினான். இயோ சூ காங், அங் மோ கியோ, பீஷான், பிராடல், தோ பாயோ. “அப்போ நம்ம ஸ்டேஷன் முதல் நாளே இருந்துச்சா!” அன்று பள்ளி முடிந்து வந்ததும் ஐந்து நிலையங்களையும் ரயிலில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம். போனோம். அதிலிருந்து, பிள்ளைகள் காலால் மிதிக்கக்கூடிய இடம் இருக்கும் தேதிகளுக்கே முதல் இடம் கொடுக்கிறேன்.

பிப்ரவரி 15 அப்படிப்பட்ட நாள். மாலை 6.20க்கு ஊரெங்கும் சைரன் ஒலிக்கும். 1942இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவுபடுத்த. கையெழுத்துப் போட்ட பழைய ஃபோர்டு தொழிற்சாலை அப்பர் புக்கிட் தீமா சாலையில் இப்போது காட்சிக்கூடமாக இருக்கிறது. அன்றைக்குச் சீனப் புத்தாண்டின் முதல் நாள் என்றதும் மகள், “அப்போ யாருக்கும் அங் பாவ் கிடைக்கலையா?” என்றாள். புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறையைத்தான் கேட்கிறாள். போரை அந்த வயதுக்கு அதைவிட நன்றாக எப்படிப் புரிந்துகொள்வது? 1915இல் இந்தியச் சிப்பாய்களின் கலகம் வெடித்ததும் இதே பிப்ரவரி 15தான். அதை மகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். பிடிபட்ட சிப்பாய்களில் 47 பேரைச் சுட்டுக் கொன்ற கதை சின்னவளுக்கு இப்போது வேண்டாம்.

மார்ச் 15க்கும் கொஞ்சம் யோசித்தேன். 1986இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு ஆறு மாடியும் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்தப் பாரமே வடிவமைப்பின்போது கணக்கில் விட்டுப்போயிருந்தது. பெருமாள் கோயிலுக்குப் போகிற வழிதானே என்று சொல்லிவிட்டேன். இடிபாட்டிலிருந்து 17 பேரை உயிரோடு மீட்டார்கள், எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள்கூட ஓடி வந்து உதவினார்கள் என்ற பகுதியைத்தான் மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் தேதியை அப்படியே எடுத்தால் உதைக்கும். நிலவில் காலடி வைத்தது ஜூலை 20, 1969 என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் அப்போது 21ஆம் தேதி காலை பத்தரை மணி ஆகப் போகிறது. இன நல்லிணக்க நாளுக்காகப் பாவாடை தாவணியும் மலாய் உடையான பாஜு குருங்குமாகப் பள்ளிக்குப் போகும் அதே ஜூலை 21. 1964இல் இனக் கலவரம் மூண்ட தேதி அது. சந்தேகம் வந்தால் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’யில் அந்த நாள் பத்திரிகையைப் பார்த்துவிடலாம். பழைய தமிழ் முரசு இதழ்களும் அதில் உண்டு.

எங்கள் வீட்டில் அமோக வரவேற்பு பெற்றது டிசம்பர் 31தான். 1981இல் அன்று இரவு பதினொன்றரைக்குச் சிங்கப்பூர்க் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, நேராக 1982க்குப் போய்விட்டார்கள். “அந்த அரை மணி எங்க போச்சு பாட்டி?” என்று மகள் கேட்க, என் அம்மா, “அரசாங்கம் எடுத்துக்கிடுச்சு. கேட்டு எழுதிப் போடு, குடுப்பாங்க” என்றார். அவள் நிஜமாகவே பென்சிலை எடுத்துவிட்டாள்.

சரி, குறைகளும் உண்டு. தினமும் என்பது நடக்காத காரியம். தேர்வு வாரங்களில் தாள் வெறுமையாகவே கிழிபடும். வாரத்துக்கு மூன்று வரி இருந்தால் தாராளம். இழுத்துப் பிடித்து நிரப்பிய நாட்களில் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இதைத் தொடங்குவதிலும் பலன் இல்லை; ‘நூறு வருஷம் முன்பு’ என்பதும் ‘போன வாரம்’ என்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

பெரிய சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான் வரும். தேதிகள் திரும்பி வருமே! “இதைப் போன வருஷமே சொல்லிட்டீங்க” என்று மூஞ்சியைத் திருப்புவார்கள். நான் பேனாவை மகனிடம் கொடுத்துவிட்டேன். ஒரே நிபந்தனை, போன ஆண்டு வரியை அப்படியே எழுதக் கூடாது. புதிதாக ஒரு விவரம் சேர்க்க வேண்டும். போன ஜூலை 6க்கு, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார் என்ற என் பழைய வரிக்குக் கீழே, அவர்தான் பிற்பாடு தமிழர் திருநாளையும் முன்நின்று நடத்தினார் என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை இரண்டு. தங்கையே சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டாள்.