அறுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: ஒரு ‘கிரானைட்’ பேனிடம் நான் ஏமாந்த கதை

இதை எழுதும்போது என் எதிரே மேசைமேல் பாதி ஃப்ரை பேன் கிடக்கிறது. பாதி என்றால் நிஜமாகவே பாதி. இரும்பு அறுக்கும் ரம்பத்தால் நடுவில் அறுத்தது. புதுப் பேன் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அதிலும் விளம்பர வீடியோவில் மயங்கி ஆர்டர் போடப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

எனக்கும் எல்லாம் ஒரு வீடியோவில்தான் தொடங்கியது. கறுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த அழகான பேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள், அது வழுக்கிக்கொண்டு போய்த் தட்டில் விழுகிறது. இப்போது நினைத்தால் என்மேலேயே சிரிப்பு வருகிறது. எந்த நான்ஸ்டிக் பேனும் முதல் நாள் இந்த வித்தையைக் காட்டும், இருப்பதிலேயே மட்டமானதும் காட்டும். முட்டை வழுக்கினால் பூச்சு புதுசு என்று அர்த்தம், அவ்வளவுதான். பேன் நல்லதா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பெட்டியின்மேல் எழுதியிருந்தவை: ஐந்து அடுக்கு கிரானைட் பூச்சு. 4 மி.மீ. கனம். இண்டக்‌ஷன் அடுப்பிலும் பயன்படுத்தலாம். பி.எஃப்.ஓ.ஏ. இல்லை. பத்து ஆண்டு உத்தரவாதம். மூன்று பேன் கொண்ட செட், சாதாரண நான்ஸ்டிக் பேன்களைப்போல மூன்று மடங்கு விலை. போனால் போகிறது, ஒரு தடவை செலவு, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று கணக்குப் போட்டேன். பார்சல் வந்ததும் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பு நல்ல தடிமன். விளிம்பே இப்படி என்றால் மற்றது எப்படி இருக்கும் என்று மகிழ்ந்துபோனேன். அந்த விளிம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாதம் குறையே இல்லை. இரண்டாம் மாதம் எண்ணெய் ஊற்றினால் நடுவில் நிற்காமல் ஒரு பக்க ஓரத்துக்கு ஓடத் தொடங்கியது. நடுவில் முட்டை ஒட்டுகிறது, ஓரத்தில் எண்ணெயில் மிதக்கிறது. அடுப்புதான் கோணல் போலிருக்கிறது என்று அடுப்புக்கு அடியில் அட்டையெல்லாம் மடித்து வைத்துப் பார்த்தேன். ஒருநாள் கழுவி மேடைமேல் வைத்தபோது கை பட்டது, பேன் பம்பரம்போலச் சுற்றியது. அடிப்பாகம் தொப்பை போட்டிருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் ஆட்டம், கூடவே ஒரு ரீங்காரம்.

இதில் என் தவறும் உண்டு. சூடான பேனை அப்படியே குழாயடியில் காட்டும் பழக்கம் எனக்கு இருந்தது. சூட்டில் விரிந்த உலோகம் திடீரென்று சுருங்கினால் வளையும். ஆனால் அதே அடுப்பில், அதே குழாயடியில் என் பழைய பேன் பல வருஷம் தட்டையாகவே உழைத்ததே!

நான்காம் மாதம் நடுவில் பூச்சு உரிந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. சரி, உத்தரவாதம் இருக்கிறதே என்று போன் போட்டேன்.

“போட்டோ அனுப்புங்க மேடம்.” அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில்: “மேடம், நீங்க அதிகத் தீயில வச்சிருக்கீங்க. அது கவர் ஆகாது.”

“அடி வளைஞ்சிருக்கே, அது?”

“அதிகச் சூட்டுலதான் மேடம் வளையும். அதுவும் கவர் ஆகாது.”

“அப்ப எதுதான் கவர் ஆகும்?”

“தயாரிப்புக் குறைபாடு இருந்தா கவர் ஆகும் மேடம்.”

“இது தயாரிப்புக் குறைபாடு இல்லன்னு யார் முடிவு பண்றது?”

“எங்க டீம் மேடம்.”

கார்டைத் தேடி எடுத்து, எறும்பு ஊர்வதுபோல இருந்த எழுத்துகளைப் படித்தேன். பூச்சு தேய்வது, உரிவது, நிறம் மாறுவது, அடி வளைவது, கைப்பிடி தளர்வது எதுவும் உத்தரவாதத்தில் சேராது. ஒரு பேனுக்கு இவற்றைத் தவிர வேறு என்ன நேரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! கடைசியில், பழசைத் திருப்பி அனுப்பினால் புது செட்டில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அனுப்பும் செலவு என்னுடையதாம்.

என் தம்பி லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். புலம்பலைக் கேட்டுவிட்டு, “அக்கா, இது 4 மி.மீ. மாதிரி தெரியலையே, அறுத்துப் பார்த்திடலாமா?” என்றான். எப்படியும் குப்பைக்குப் போவதுதானே, அறு என்றேன்.

வெட்டு முகத்தைப் பார்த்தபோதுதான் எல்லாம் வெளிச்சமாயிற்று. விளிம்பில் தகட்டை அப்படியே வெளிப்பக்கமாகச் சுருட்டி மடித்திருக்கிறார்கள், உள்ளே வெறும் காற்று. விளிம்பின் மொத்தத் தடிமன் 4 மி.மீ., பெட்டியில் போட்டிருந்த அதே கணக்கு. சுவரில் தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்தால் 1.6 மி.மீ. அடியிலும் அதே 1.6 தான், கீழே ஒட்டிய மெல்லிய எஃகுத் தட்டு தனி. விளிம்பைச் சுருட்டுவது குற்றமில்லை. கை கிழிக்காமல் இருக்க, ஊற்றும்போது வழியாமல் இருக்க நல்ல பேன்களிலும் செய்கிறார்கள். அந்தச் சுருளை அளந்து பேனின் கனம் என்று அச்சடித்ததுதான் ஏமாற்று.

தொப்பைக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. அதனால் இண்டக்‌ஷனுக்காக அடியில் காந்தம் ஒட்டும் எஃகுத் தட்டைப் பதிக்கிறார்கள். ஒரே சூட்டில் அலுமினியம் அந்த எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மேலே ஒன்று விரிய, கீழே இன்னொன்று பிடித்து இழுக்க, நடுவில் தகடு மெல்லிசாக இருந்தால் அது வளையாமல் என்ன செய்யும்? நல்ல கனமான அலுமினியம் இந்த இழுபறியைத் தாங்கும். 1.6 தாங்கவில்லை.

அடுத்தது அந்தக் ‘கிரானைட்’. பேனில் கல்லே கிடையாது. கிரானைட், மார்பிள், ஸ்டோன் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை வழக்கமான பி.டி.எஃப்.இ. பூச்சுதான், அதன்மேல் புள்ளி தெளித்திருக்கும். பி.டி.எஃப்.இ. என்பது 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள், டெஃப்லான் என்ற வணிகப் பெயரில் நமக்குப் பழக்கமானது. ஐந்து அடுக்கு என்றால் ஏதோ ஐந்து மாடி என்று நினைத்துவிட வேண்டாம், எல்லாப் பூச்சும் சேர்ந்தே பெரும்பாலும் ஒரு தலைமுடி கனம்கூட வராது. ‘செராமிக்’ என்று விற்பது வேறு வகை. அதில் பி.டி.எஃப்.இ. இல்லை, சிலிக்கா சார்ந்த பூச்சு. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் வழுக்கும் தன்மை பொதுவாக இன்னும் சீக்கிரம் போய்விடும்.

‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’ என்ற வரியைப் பார்த்து நான் நிம்மதி அடைந்ததுதான் பெரிய வேடிக்கை. பி.எஃப்.ஓ.ஏ. அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது உதவிக்குச் சேர்த்துவந்த வேதிப்பொருள். உடலுக்கு ஆகாதது என்பதில் சந்தேகமில்லை. 2019-இல், நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்ந்தது, 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களோடு வைத்தது. ஆனால் பெரிய தயாரிப்பாளர்கள் பலர் 2015-க்குள்ளேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். இன்று அது இல்லை என்பது தனிச்சிறப்பே அல்ல. அந்த வரியைப் படித்து ‘பி.டி.எஃப்.இ.யும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன்.

உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போய்விட்டதே என்று அன்று நான் பயந்தேன். அது உடலில் கரையாமல் அப்படியே வெளியேறிவிடும். சூடுதான் கவனிக்க வேண்டியது. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும், 350-ஐத் தாண்டினால் வேகமாகச் சிதைந்து புகைவிடும். அந்தப் புகை மனிதர்களுக்குக் காய்ச்சல்போல வரவழைக்கும், வளர்ப்புப் பறவைகளைக் கொன்றே விடும். மெல்லிய பேனைக் காலியாக முழுத் தீயில் வைத்தால் அந்தச் சூடு வரச் சில நிமிடம் போதும். கம்பெனிக்காரர் அதிகத் தீ என்று சொன்னது முழுப் பொய் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெல்லிசான தகட்டைக் கனம் என்று விற்றுவிட்டு, தீ அதிகம் என்று என்னைக் குறை சொல்வது என்ன நியாயம்?

இப்போது நான் பேன் பார்க்கும் விதமே மாறிவிட்டது. முதலில் எடை. கனத்தில் பொய் சொல்லலாம், எடையில் சொன்னால் வீட்டுத் தராசே காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியம் கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். 24 செ.மீ. பேனில் தகடு 3 மி.மீ. என்றால் கைப்பிடியைச் சேர்க்காமலே அரைக் கிலோ வர வேண்டும். என்னுடையது போன்ற 1.6 என்றால் கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எடையைப் போடாமல் அடுக்குகளின் எண்ணிக்கையை மட்டும் போட்டிருந்தால் நான் அங்கேயே நகர்ந்துவிடுகிறேன். 24 என்பது விளிம்புக்கு விளிம்பு அளந்தது என்பதும் நினைவிருக்கட்டும். அடியில் தட்டையான பகுதி அதைவிட நன்றாகக் குறையும், இண்டக்‌ஷனுக்குக் கணக்கு அந்த அடிதான்.

கடையில் வாங்கினால் ஓர் எஃகு ஸ்கேலை அடியில் குறுக்கே வைத்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நடு லேசாக உள்வாங்கியிருந்தால் பரவாயில்லை, சூட்டில் சரியாகும். புதிதிலேயே வெளியே தள்ளியிருந்தால் வேண்டாம். வாங்கிய அன்றே எழுதிய விமர்சனங்களை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து எழுதியவற்றைத் தேடுங்கள். நான் வாங்கியதற்கு அப்படி ஒன்றுகூட இல்லை, அது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மலிவாகவும் வேண்டும், நல்லதாகவும் வேண்டும் என்றால் என் வழி இது. முட்டைக்கென்று ஒரே ஒரு சின்ன நான்ஸ்டிக், பெயரில்லாததானாலும் தகடு கனமாக இருக்கட்டும். பூச்சு எப்படியும் சில வருஷத்தில் போகும், செருப்புபோல அது தேய்ந்தால் மாற்றும் பொருள். மற்ற எல்லாவற்றுக்கும் பூச்சே இல்லாத இரும்பு பேன். வாங்கியதும் மெல்லிசாக எண்ணெய் தடவிப் புகைய விட வேண்டும், ஓரிரு முறை செய்தால் எண்ணெயே கறுத்து இறுகிப் படலமாகிவிடும். புளிப்பானதைக் கொதிக்க வைத்தால் அந்தப் படலம் கொஞ்சம் போகும், ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். தேய்த்துக் கழுவி மறுபடி எண்ணெய் காட்டினால் தீர்ந்தது, எந்த டீமையும் கேட்க வேண்டியதில்லை. எவர்சில்வர்தான் வேண்டும் என்பவர்கள் உள்ளே அலுமினியம் வைத்த மூன்றடுக்குத் தகடாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் எவர்சில்வர் சூட்டைப் பரப்பாது, தீ படும் இடம் மட்டும் கருகும்.

செட்டில் மிச்சம் இரண்டு பேனில் ஒன்று இப்போது தொட்டிச்செடிக்கு அடியில் தண்ணீர் பிடிக்கிறது. அறுத்ததில் ஒரு பாதியைத் தம்பி பட்டறைக்கு எடுத்துப்போய்விட்டான், வருகிறவர்களுக்குக் காட்டுவானாம். நேற்று இரவு போனைத் திறந்தால் அதே விளம்பரம் மறுபடியும் வருகிறது. அதே கை, அதே முட்டை, அதே தட்டு. பெயர் மட்டும் கிரானைட் போய் ‘டைட்டானியம்’ ஆகியிருக்கிறது, உத்தரவாதம் பதினைந்து ஆண்டாம்.