பிஎல்டிசி ஃபேன்: சில கோடைகள் ஓட்டிப் பார்த்த பிறகு

பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடும்) சீலிங் ஃபேன் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கூடவே, பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள் என்பேன்: "உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?" அவர் பதில் சொல்லத் திணறினால் வேறு மாடல் பாருங்கள்.

எங்கள் வீடு மதுரைக்கு வெளியே, ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கொரோனா ஓய்ந்த சமயத்தில் ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி போட்டோம். அம்மாவின் அறையில் மட்டும் பழைய ஃபேனே இருக்கிறது. அதனால் இரண்டு வகையையும் ஒரே வீட்டில், ஒரே கரண்டில், தினமும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். புதியது அதே 1200 மில்லிமீட்டர் அளவில் 28 முதல் 35 வாட்டில் ஓடிவிடும். பழைய மோட்டாரில் சுழலும் பாகத்துக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. கரண்டைச் செலவழித்துத்தான் அதில் காந்தத்தன்மையை உண்டாக்க வேண்டும். அந்தக் கரண்டில் நல்ல பங்கு சூடாகவே வீணாகும். பிஎல்டிசியில் சுழலும் பாகத்திலேயே நிரந்தரக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு வீட்டு கரண்டை டிசியாக மாற்றி, எந்தக் காயிலுக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது. போகிக்கு முந்தின நாள் ஃபேன் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ராத்திரி முழுக்க ஓடிய பழைய ஃபேனின் நடுக்கிண்ணத்தில் கை வைக்க முடியாது. புதியது வெதுவெதுப்பாகக்கூட இருப்பதில்லை.

சரி, பில்லுக்கு வருவோம். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம், நாளைக்கு 12 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதக் கணக்கெடுப்புக்கு 32 யூனிட் வருகிறது. மூன்று ஃபேனுக்கு ஏறக்குறைய 100 யூனிட். தமிழ்நாட்டில் இந்த 100 யூனிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. நம் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்குச் சலுகை, பிறகு 400 வரை ஒரு விலை, 500 வரை இன்னொரு விலை, 500-ஐத் தாண்டினால் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். போதாததற்கு, 500-ஐத் தாண்டியவருக்கு அந்த இரண்டாவது 100 யூனிட்டுக்கான சலுகையும் போய்விடும். ஏப்ரல், மே கணக்கில் 500-க்குச் சற்று மேலே நிற்கும் வீடுகள் எத்தனையோ. அப்படிப்பட்ட வீட்டில் 540 யூனிட் 440 ஆனால், பில் ஒரு படி கீழே இறங்கிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

முழு வேகத்தில் ஓட்டாதவர்களுக்கு இன்னும் லாபம். மார்கழியில் ரிமோட்டில் இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் பத்துப் பதினைந்து வாட்டுக்கு மேல் போகாது.

ஆனால் எனக்குப் பில்லைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. எங்கள் பக்கம் கோடையில் இரவு எட்டு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஏசி ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கிவிடும். பழைய ஃபேன் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே சோர்ந்துவிடும். 170-180 வோல்ட்டில் இறக்கைகளை எண்ணிவிடலாம். மே மாதப் புழுக்கத்தில் ஐந்தில் வைத்தும் காற்று வராமல் கிடந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும். பிஎல்டிசியில் போர்டு இதைச் சமாளித்துவிடுகிறது. பல மாடல்களின் பெட்டியில் 140 வோல்ட்டிலிருந்து ஓடும் என்று போட்டிருப்பார்கள். அம்மா அறையில் பழையது தள்ளாடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் ஹாலில் புதியது கொஞ்சமும் வேகம் குறையாமல் சுற்றும். ஊர் ஓரத்திலும் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு, மின்சேமிப்பை எல்லாம் விட்டுவிட்டு, இந்த ஒரு காரணத்துக்காகவே பிஎல்டிசியைச் சிபாரிசு செய்வேன்.

கரண்ட் போனாலும் அப்படித்தான். மூன்று ஃபேனுக்கு முன்பு 225 வாட், இப்போது 90 வாட். அதே இன்வெர்ட்டர், அதே பேட்டரி, இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது. விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பழைய ஃபேன் போடும் 'ர்ர்ர்' என்ற உறுமல் தெரியும் அல்லவா, அதுவும் இதில் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரிமோட் விஷயத்தில்தான் குறை. சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் இதற்கு ஆகாது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுத்தான் ஃபேனை மாட்டுவார். அப்புறம் வேகத்தைக் கூட்டக் குறைக்க எல்லாவற்றுக்கும் ரிமோட்தான். நடு இரவில் குளிர் எடுத்தால் முன்பு எழுந்துபோய்த் தடவித் திருகிவிடலாம். இப்போது தலையணைக்கு அடியில் தேட வேண்டும். "சுவத்துல ஒரு குமிழ் இருந்தா போதாதாப்பா, இதை எங்கே வச்சேன்னு நான் தேடிக்கிட்டே இருக்கணுமா" என்று அம்மா கேட்டபோது அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அதனால்தான் அவர் அறையில் பழையதை விட்டு வைத்தோம். சில மாடல்களில் சுவர் சுவிட்சைத் தட்டித் தட்டி வேகத்தை மாற்றலாம். பிஎல்டிசிக்கென்றே சுவர் ரெகுலேட்டர் தரும் மாடல்களும் வந்துவிட்டன. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதைத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, ஒரே ஹாலில் இரண்டு ஃபேன் மாட்டினால் ஒரு ரிமோட்டை அமுக்கும்போது இரண்டும் கேட்டுக்கொள்ளும். வாங்கும்போதே தனித்தனியாக இணைக்க முடிகிற ரிமோட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி போர்டு. வாரண்டி முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். இடியும் மழையுமாக இருந்த ஒரு இரவுக்குப் பிறகு ஹால் ஃபேன் சுற்றவில்லை. சுவிட்சைப் போட்டால் இறக்கை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை ஆடும், அவ்வளவுதான். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் கழற்றிக் கீழே இறக்கிப் பார்த்தார். காந்தம் நன்றாக இருக்கிறது, காயில் கருகவில்லை, பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. உள்ளங்கை அளவு போர்டில் ஒரு மூலை மட்டும் கறுத்திருந்தது. "கண்டென்சரா இருந்தா இப்பவே மாத்தி ஓட்டிட்டுப் போயிருப்பேன் சார். இது போர்டு. கம்பெனிக்குத்தான் சொல்லணும்" என்றார்.

கம்பெனிக்குச் சொன்னோம். பெயர் வேண்டாம். இந்த மாடல் இப்போது வருவதில்லை, போர்டு வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு வந்த போர்டின் விலை, சர்வீஸ் ஆள் கூலியோடு சேர்த்து, ஃபேன் விலையில் பாதியைத் தொட்டது. பில்லில் அதுவரை மிச்சம் பிடித்ததில் ஒரு நல்ல பகுதி அங்கே போனது. பழைய ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்ற ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுதான். காயிலே எரிந்தாலும் பஜாரில் வைண்டிங் கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் சுற்றித் தந்துவிடுவார்கள். முப்பது வருடம் ஓடிய ஃபேன்கள் நம் வீடுகளில் சாதாரணம் என்றால் அதற்குக் காரணம் அந்தக் கடைகள்தான். எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரி, யாரும் செய்யத் தெரிந்த வேலை. இறக்கையும் மோட்டாரும் இன்னும் இருபது வருடம் ஓடத் தயாராக இருக்கும்போது, ஒரு போர்டுக்காக ஃபேனையே பழைய இரும்புக்குப் போடும் நிலையை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

அரசு இந்த ஃபேன் விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அதை மனதாரச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அதற்கு முன்பு கம்பெனி விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். கணக்கு எளிது. ஒரு நிமிடத்தில் எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதை வாட்டால் வகுக்க வேண்டும். விதி வந்தபோது 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு அந்த எண் குறைந்தது நான்கு இருந்தால்தான் ஒரு நட்சத்திரமே கிடைக்கும், ஆறைத் தொட்டால் ஐந்து நட்சத்திரம் என்று வைத்தார்கள். 220 கன மீட்டர் தள்ளும் பழைய 75 வாட் ஃபேனுக்கு அந்த எண் மூன்றைக்கூடத் தொடாது. சட்டப்படி அதைப் புதிதாக விற்க வழியில்லை. அதன் பிறகு கடைக்கு வந்த ஒரு நட்சத்திர ஃபேன் எல்லாம் ஐம்பது வாட்டைச் சுற்றி இருந்தது இதனால்தான். எந்த விளம்பரமும் செய்ய முடியாததை ஒரு விதி செய்துவிட்டது. பிஎல்டிசியே வாங்காதவர் வீட்டிலும் கரண்ட் மிச்சமாகிறது.

ஆனால் அந்த முத்திரை காற்றையும் வாட்டையும் மட்டும்தான் பேசுகிறது. எத்தனை வருடம் ஓடும், போர்டு கிடைக்குமா என்று ஒரு வரிகூட இல்லை. ஐந்து நட்சத்திரம் என்று நம்பி அதிக விலை கொடுத்து வாங்கியவர் மூன்றாவது வருடமே இன்னொரு ஃபேன் வாங்க வேண்டியிருந்தால், அதைத் தயாரிக்கச் செலவான செம்பு, காந்தம், அலுமினியம் எல்லாவற்றையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரிகளைப் பத்து வருடமும் ஃப்ரிட்ஜின் உதிரிகளைக் குறைந்தது ஏழு வருடமும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரான்ஸில் அதே 2021-இல் மொபைல், லேப்டாப், டிவி போன்றவற்றுக்குப் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கத் தொடங்கினார்கள். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் (பழுதுபார்க்கும் உரிமை) இணையதளம் தொடங்கியது. மொபைல், எலக்ட்ரானிக் பொருட்களுக்கு அப்படியொரு மதிப்பெண் கொண்டுவருவது பற்றி அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்துவிட்டது. மொபைலை நாம் எப்படியும் சில வருடங்களில் மாற்றிவிடுகிறோம். ஃபேன் தலைமுறைக்கும் ஓட வேண்டிய பொருள். அந்த மதிப்பெண் முதலில் வர வேண்டியது ஃபேனுக்குத்தான் என்பேன். நட்சத்திர முத்திரையிலேயே இரண்டு வரி சேர்த்தால் போதும்: போர்டு எத்தனை வருடம் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடுகளுக்கு இந்த ஃபேனால் ஒரு ரூபாய் லாபமில்லை. ஒரு பல்பும் ஒரு ஃபேனும் வைத்துத் தனியாக வாழும் பாட்டிக்கு பில் ஏற்கெனவே பூஜ்யம். கையிலிருந்து மூவாயிரம் போட்டு பிஎல்டிசி வாங்கு என்று அவரிடம் சொல்வது அநியாயம். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் அந்த 100 யூனிட் இலவசம், அதற்கான பணத்தை மின்வாரியத்துக்குக் கொடுப்பது தமிழக அரசு. அப்படியென்றால் அந்த வீட்டில் வாட் குறைந்தால் லாபம் அரசுக்குத்தான். 2011-இல் தொடங்கி மிக்ஸி, கிரைண்டரோடு ஃபேனும் வீடுவீடாகக் கொடுத்த மாநிலம் இது. அந்த வீடுகளுக்கு அரசே பிஎல்டிசி ஃபேன் கொடுத்துப் பழைய ஃபேனை வாங்கிக்கொண்டால், மானியச் செலவிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காசு திரும்பும். லோ வோல்டேஜில் அவதிப்படும் வீடுகளும் அவற்றில் உண்டு.

இப்போது எலக்ட்ரிகல் கடைகளில் எல்லா கம்பெனிக்கும் பொருந்தும் என்று சொல்லிப் பொது போர்டு விற்கிறார்கள், ரிமோட்டோடு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் பக்கத்துத் தெருவில் ஒரு ஃபேனுக்கு அதைப் போட்டிருக்கிறார், ஓடுகிறது. முழு வேகம் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. வாரண்டி முடிந்த ஃபேனுக்கு அதையும் முயன்று பார்க்கலாம். மழைக்காலத்தில் இடி கேட்டால் ரிமோட்டில் அணைப்பதோடு விடாமல் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். அம்மா அறைக்கு அடுத்த சித்திரைக்குள் சுவர் ரெகுலேட்டர் உள்ள மாடலாக ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். போர்டு விலையை எழுதிக் கொடுக்கும் கடை ஒன்று கிடைத்துவிட்டால் வாங்கிவிடுவோம்.